பலகை இடுக்கின் வரலாறு

சிட்னி நகரத்தின் மக்குவாரி தெருவில் ஹைட் பார்க் பாரக்ஸ் என்ற மூன்று மாடிச் செங்கல் கட்டடம் இருக்கிறது. 1817க்கும் 1819க்கும் இடையே எழுந்த கட்டடம். அதை வடிவமைத்த பிரான்சிஸ் கிரீன்வே, கள்ள ஆவணம் தயாரித்த குற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர். அவரைப் போலவே கடல் தாண்டி அனுப்பப்பட்ட ஆண் கைதிகள் 1848 வரை அங்கே தூளிகளில் வரிசையாகப் படுத்துறங்கினார்கள். அவர்கள் வெளியேறியதும் கட்டடம் பெண்களுடையதானது. அயர்லாந்துப் பஞ்சத்தில் ஆதரவிழந்த சிறுமியரும், வேலை தேடிக் கப்பலேறி வந்த பெண்களும் அங்கே தங்கினார்கள். 1862 முதல் 1886 வரை மேல்மாடி, போக்கிடமற்ற நோயாளிப் பெண்களின் இல்லமாகவும் இருந்தது.

இவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனால் 1979இல் புதுப்பிப்பு வேலைக்காகத் தளப் பலகைகளைப் பெயர்க்கத் தொடங்கியபோது, பலகைக்கும் கீழ்மாடியின் கூரைப்பூச்சுக்கும் நடுவே அவர்களுடைய அன்றாடம் அப்படியே கிடந்தது. தையல் ஊசிகள், குண்டூசிகள், பொத்தான்கள், வெட்டி எறிந்த துணித் துண்டுகள், ஜெபமாலை மணிகள், களிமண் புகைக்குழாய்கள், மத போதனைத் தாள்களின் கிழிசல்கள். எலிகள் கூடு கட்ட இழுத்துப் போனவையும் அவற்றில் உண்டு. தரையடியிலும் வளாகத்தின் நிலத்தடியிலும் கிடைத்த பொருள்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தரைக்கடியில் கிடந்தவற்றில் ஏராளமானவை பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்குகள் வழியாக நழுவியவை, அல்லது துடைப்பத்தால் தள்ளப்பட்டவை. அந்தத் தளம் இடுக்கில்லாமல் இறுகியிருந்தால் அந்தப் பெண்களைப் பற்றி நமக்கு அரசாங்கப் பதிவேடுகள் சொல்வதைத் தவிர அதிகம் தெரிந்திருக்காது.

அப்படியானால் அந்த இடுக்குகள் எங்கிருந்து வந்தன? தச்சரின் அசட்டை என்று சொல்லிவிடுவது வழக்கம். அது அநியாயமான தீர்ப்பு. எந்தத் தச்சரும் பலகைகளை விலக்கி வைத்து அடிப்பதில்லை. பலகைகள் பிறகு விலகுகின்றன.

ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறிய முதல் ஆண்டிலேயே இது பெரிய தலைவலியாக இருந்தது. 1788இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கையில், உள்ளூர் மரம் பிளக்கிறது, முறுக்கிக்கொள்கிறது, கட்டட வேலைக்கு லாயக்கில்லை என்ற குறை இருக்கிறது. யூகலிப்டஸ் வகை மரங்கள் காயும்போது நிறையவே சுருங்கக்கூடியவை. காத்திருந்து காய வைக்க அந்தக் குடியேற்றத்துக்கு நேரமில்லை. பச்சை மரத்தை அறுத்து, அறுத்த கையோடு வீடு கட்டினார்கள்.

மரம் ஏன் சுருங்குகிறது? வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நார்களின் உட்குழிவில் தேங்கி நிற்பது. மற்றொன்று, நாரின் சுவருக்குள்ளேயே ஊறிக் கலந்திருப்பது. முதலில் வெளியேறுவது குழிவில் நிற்கும் நீர். அது போவதால் மரத்தின் எடைதான் குறையும், அளவு மாறாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு, சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் ஆரம்பிப்பது அப்போதுதான். இந்த எல்லைக்கு நார் நிறைவுப் புள்ளி என்று சொல்லலாம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஹாரி டீமன் 1906இல் இதைத் தெளிவாக வரையறுத்தார். மனிதர் மரத்தை அறுத்து வாழத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து, நேற்று என்று சொல்லத்தக்க ஒரு காலத்தில்தான் அது நடந்தது என்பது வியப்பாக இருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் அதிகமாகவும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஏறக்குறைய அதில் பாதியும் சுருங்குகிறது. பச்சை நிலையிலிருந்து முழுவதும் காய்ந்த நிலைக்கு வரும்போது அமெரிக்கச் செவ்வோக் மரம் வளைய வாக்கில் 8.6 சதவீதம் சுருங்கும், ஆரவாக்கில் 4 சதவீதம். தேக்குக்கு இந்தக் கணக்கு 5.8, 2.5. தேக்கை உலகம் தேடி ஓடியதற்கு எண்ணெய்ப் பசையும் பூச்சி அண்டாமையும் மட்டும் காரணமில்லை, இந்த அடக்கமும் காரணம். பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய 'திருகோணமலை' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது.

காய்ந்தது காய்ந்ததுதானே, அதற்குமேல் என்ன என்று தோன்றலாம். மரம் அப்படிப்பட்ட பொருள் அல்ல. ஐப்பசி மழையில் இறுகி, தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்த வாசற்கதவு பங்குனியில் தானாகத் திறந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டுமே இருக்கிறது. அறுத்து நூறு ஆண்டு ஆன பலகையும் அதைத்தான் செய்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் 13 சதவீதத்துக்கு அருகில் நிற்கும். 50 ஆனால் சுமார் 9. 30 ஆகிவிட்டால் சுமார் 6.

ரோமானியர்களுக்கு இந்த எண்கள் தெரியாது, ஆனால் விளைவு தெரிந்திருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றிப் பத்துப் புத்தகங்கள் எழுதிய விட்ரூவியஸ், ஏழாம் புத்தகத்தின் தொடக்கத்தில் தளம் போடும் முறையைச் சொல்கிறார். மாடியில் பலகை பரப்பி அதன்மேல் சுண்ணாம்புக் காரை போடுவது அக்கால வழக்கம். ஓக் இனத்தில் இரண்டு வகை மரங்களைக் கலந்து பலகை பரப்பக் கூடாது என்று அவர் எச்சரிக்கிறார். ஒரு வகை ஈரம் பட்டதும் முறுக்கிக்கொண்டு மேலே உள்ள காரையைப் பிளந்துவிடும். வேறு மரம் கிடைக்காமல் அதையே பயன்படுத்த நேர்ந்தால் மெல்லியதாக அறுத்து, ஒவ்வொரு உத்தரத்தின்மேலும் பலகையின் இரு ஓரங்களிலும் ஒவ்வோர் ஆணி அடிக்க வேண்டும், அப்போதுதான் மூலை தூக்காது. சுண்ணாம்பு மரத்தை அரிக்காமலிருக்க நடுவே பெரணியோ வைக்கோலோ பரப்ப வேண்டும் என்றும் சொல்கிறார். வேலைத்தளத்தில் நின்று பார்த்த ஒருவரின் அறிவு இது.

ஐரோப்பியத் தச்சர்கள் அடுத்த பல நூற்றாண்டுகள் இதே சிக்கலோடு மல்லாடினார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று பார்ப்பதற்கே வேடிக்கையாக இருந்திருக்கும். இரண்டு பலகைகளை முதலில் ஆணியடித்து நிறுத்துவார்கள். நடுவே நான்கைந்து பலகைகளுக்கு இடம் விடுவார்கள், ஆனால் அவற்றின் மொத்த அகலத்தைவிடச் சற்றே குறைவாக. பிறகு அந்தப் பலகைகளை அந்த இடத்தில் கூரைபோல் மேலெழும்பி நிற்கும்படி பொருத்தி, ஆட்கள் ஏறிக் குதித்து அமுக்கிச் சமமாக்குவார்கள். பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்காரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீட்டர் நிக்கல்சன் எழுதிய தச்சு நூல்களில் இந்த முறை பதிவாகியிருக்கிறது. செலவு தாங்கக்கூடிய வீடுகளில் ஓரங்களுக்குள் மர முளைகள் செருகி, ஒரு விளிம்பில் மட்டும் ஆணி அடித்து, மறு விளிம்பை நகரவிட்டார்கள். இரண்டாவது முறையில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. மரத்தை அடக்கப் பார்க்காமல், அது நகர இடம் கொடுக்கிறது.

வெர்சாய் அரண்மனையில் அதே எண்ணம் அழகாக மாறியது. அங்கே முதலில் பளிங்குத் தளம் போட்டிருந்தார்கள். பளிங்கைக் கழுவக் கழுவ நீர் கசிந்து கீழே இருந்த மர உத்தரங்கள் உளுத்துப்போயின. 1684இல் பளிங்கை எடுத்துவிட்டு ஓக் மரத் தளம் அமைத்தார்கள். ஒரு மீட்டருக்கு ஒட்டிய சதுரச் சட்டங்கள், அவற்றுக்குள் மூலைவிட்டமாகப் பின்னிய சிறு துண்டுகள். துண்டு சிறியதானால் அதன் சுருக்கமும் சிறிது. கண்ணுக்குத் தெரியும் ஓர் அகலமான இடுக்கு, கண்ணுக்குத் தெரியாத நூறு மயிரிழைகளாகப் பிரிந்துவிடுகிறது.

சாதாரண மக்களின் வீடுகளில் தளம் மாறியது இயந்திரத்தால். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் உட்வொர்த் 1828இல் ஓர் இழைப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பலகையை இழைத்து, ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் எடுக்கும் இயந்திரம். நாக்கு காடிக்குள் நுழைந்துகொள்வதால் பலகைகள் விலகினாலும் கீழே பள்ளம் தெரியாது, ஊசி விழாது, குளிர்காற்று மேலே வராது. கையால் செய்தால் நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை. அந்தக் காப்புரிமை இருமுறை நீட்டிக்கப்பட்டு 1856 வரை நிலைத்தது. அதை வைத்திருந்தவர்கள் மற்ற ஆலைக்காரர்களிடம் வசூலித்த கட்டணமும் தொடுத்த வழக்குகளும் அமெரிக்கக் காப்புரிமைச் சட்ட வரலாற்றில் தனி அத்தியாயம். காப்புரிமை காலாவதியானதும் இழைப்பாலைகள் பெருகின. காலப்போக்கில் இரண்டேகால் அங்குல அகலமுள்ள ஓக் பட்டைகள் அமெரிக்க நடுத்தர வீட்டின் அடையாளமாகிவிட்டன.

இதற்கிடையே இங்கிலாந்தில் இந்தச் சிறு இடுக்கு ஒரு மருத்துவப் பிரச்சினையானது. மருத்துவமனைக் கூடங்களின் மரத்தரையைத் தினமும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். சீழும் இரத்தமும் கழுநீரும் இடுக்குகளுக்குள் இறங்கின. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது தரைக்குத் தனி இடம் கொடுத்தார். கழுவும் நீர் மரத்தில் ஊறித் தங்கிவிடுவதையும், ஈரமாகும்போதெல்லாம் அந்தத் தரை கெட்ட காற்றை வெளிவிடுவதையும் சொல்லி, நெருக்கமாகப் பொருத்திய ஓக் தளத்துக்கு மெழுகேற்றி, நீர் உள்ளே புகாமல் காக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்ற அவர் காலத்து நம்பிக்கை பிறகு தள்ளுபடியானது. தரையைப் பற்றிய அவருடைய கவனிப்பு தள்ளுபடியாகவில்லை.

அவர் காலத்தில் எவரும் முழுதாக உணராத ஒன்று இங்கே இருக்கிறது. இடுக்கில் புகுந்த தண்ணீரே இடுக்கை உண்டாக்கியும் இருக்கிறது. ஆணியால் கட்டுண்ட பலகை நீர் குடித்து வீங்கும்போது பக்கத்துப் பலகை தடுக்கிறது. விரிய இடமில்லாமல் விளிம்பு நார்கள் நசுங்குகின்றன. தண்ணீர் வற்றியதும் பலகை தன் பழைய அகலத்துக்குத் திரும்பாது. நசுங்கிய அளவு குறைந்தே நிற்கும். அடுத்த முறை கழுவும்போது இன்னும் கொஞ்சம். கோடையில் தெரியும் இடுக்கு, உண்மையில் மழைக்காலத்தில் பிறந்தது. மரத்தொழிலில் இருப்பவர்களே பலர் இதை ஏற்க மறுப்பார்கள். வறட்சிதான் குற்றவாளி என்று கண் சொல்கிறது. ஆனால் ஆண்டு முழுக்க மூடாமல் நிற்கும் அகன்ற இடுக்குகளைப் பார்த்தால், பெரும்பாலும் எப்போதோ ஒருமுறை அந்தத் தரை நன்றாக நனைந்திருக்கும்.

மெழுகு ஏற்றிய ஓக்குக்குச் செலவு அதிகம். மலிவான மாற்று வேறு திசையிலிருந்து வந்தது. வண்ணப்பூச்சு டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் ஆடை கட்டுவதைக் கவனித்த ஃபிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர், 1863இல் லினோலியம் என்ற தரைவிரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே லண்டனுக்கு அருகில் ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஆலை வந்தது. சுருளாகப் பிரித்துப் பரப்பினால் அறை முழுக்க இணைப்புகள் மிகக் குறைந்த தரை. மருத்துவமனைகளும் பள்ளிகளும் அதை விரும்பி ஏற்றுக்கொண்டன. எத்தனையோ பழைய பலகைத் தளங்கள் அதனடியில் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்தன.

மரத்தளத்தை மீண்டும் புரட்டிப் போட்டது குளிர்கால வெப்பமூட்டல். அதுவரை வீட்டில் கணப்படுப்பு எரியும் அறை மட்டுமே சூடாக இருக்கும், அதுவும் அடுப்பை ஒட்டிய சில அடி தூரத்துக்கு. பிற அறைகள் வெளிக்காற்றோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெந்நீர், நீராவிக் குழாய்களும் இரும்பு ரேடியேட்டர்களும் அமெரிக்க வீடுகளில் பரவின. உறைநிலையில் உள்ள ஒரு கன மீட்டர் காற்று, ஈரம் முழுக்க நிறைந்தாலும் சுமார் 5 கிராம் நீராவிதான் தாங்கும். 20 டிகிரி சூட்டில் அதே கன அளவால் 17 கிராம் தாங்க முடியும். வெளியே நனைந்த காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இதில் ஒரு துளி நீரும் வெளியேறவில்லை, சூடேறியது மட்டுமே. ஆனால் அந்தக் காற்று மரத்திலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

தச்சர்களின் பரம்பரை அறிவு இங்கே போதாமல் போனது. ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் அடுக்கிக் காற்றாட வைத்த பலகைதான் நல்ல பலகை என்பது அவர்கள் பாடம். ஆனால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காற்றில் மரம் எத்தனை வருடம் கிடந்தாலும் 12, 15 சதவீதத்துக்குக் கீழே அதிகம் காயாது. அந்தப் பலகையைக் கொண்டுபோய் ரேடியேட்டர் சூடேற்றும் வீட்டில் அடித்தால், முதல் குளிர்காலத்திலேயே ஆறு, ஏழு சதவீதத்துக்கு இறங்கும். பொறுமையாகக் காய வைத்த தச்சரும் பழி சுமந்தார்.

தீர்வு உலர்த்தும் சூளை. ஆனால் சூளையில் வேகமாகக் காய வைத்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிக்கி, பலகை வெடிக்கும். வெப்பத்தோடு ஈரத்தையும் கட்டுப்படுத்திப் படிப்படியாகக் காய வைக்க வேண்டும். 1910இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் அமெரிக்க அரசு மரப்பொருள் ஆய்வகத்தைத் தொடங்கியபோது, முன்பு பார்த்த அதே டீமன் இந்தப் பணியில் இறங்கினார். நீர் தெளித்து ஈரத்தைச் சீராக்கும் சூளையை உருவாக்கினார். 1917இல் அவர் எழுதிய சூளை உலர்த்தல் நூல் தொழிலின் கைவிளக்கானது.

சூளை வந்த பிறகும் இடுக்கு போய்விடவில்லை. அளவு சொன்னால் புரியும். இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர் அகலமுள்ள, வளைய வாக்கில் அறுத்த செவ்வோக் பட்டையின் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கினால், அகலத்தில் 0.8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறையும். மூன்று மீட்டர் அறையில் எல்லாவற்றையும் கூட்டினால் நாலு சென்டிமீட்டருக்கு மேல். பட்டைகள் ஒவ்வொன்றும் தன் ஆணியைப் பிடித்துக்கொண்டு சுருங்குவதால் அந்த நாலு சென்டிமீட்டர் ஐம்பதுக்கு மேற்பட்ட இடுக்குகளாகப் பங்காகிறது. இன்று பலரும் ஆசைப்படும் ஒன்பது அங்குலப் பலகையைப் போட்டால் ஒவ்வோர் இடுக்கும் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஆரவாக்கில் அறுத்த பலகையானால் ஏறக்குறைய பாதி. குறுகிய பட்டை வெறும் நாகரிகமாக வந்ததல்ல என்பது இப்போது விளங்கும்.

அண்மைக் காலத்தில் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்தது. தளத்தின்மேல் பூசும் சிலவகைப் பூச்சுகள் இடுக்குக்குள் இறங்கிப் பட்டைகளின் விளிம்புகளை ஒட்டிவிடுகின்றன. பத்துப் பன்னிரண்டு பட்டைகள் ஒரே பலகைபோல் சேர்ந்து சுருங்குகின்றன. அவற்றின் சுருக்கம் முழுவதும் எங்கே ஒட்டு பலவீனமோ அங்கே ஒரே பிளவாகத் திறக்கிறது. நடுவே அகன்ற ஒரு கோடும், சுற்றிலும் இடுக்கே இல்லாத தரையும் தெரிந்தால் சந்தேகம் பூச்சின்மேல் போக வேண்டும்.

இந்தக் கதை நம் பக்கத்திலும் ஓடுகிறது. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா மலைகளில் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்கள் பலவற்றில் பலகைத் தளங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் தின்ற பலகை, தை மாசி வறட்சியிலும் கணப்படுப்பின் சூட்டிலும் வாய் திறக்கும். அப்போதுதான் வீட்டுக்காரர் ஆள் வைத்து மக்கும் மரத்தூளும் பிசைந்து இடுக்கை அடைக்கச் சொல்கிறார். அடுத்த மழையில் பலகை வீங்க இடமிருக்காது. விளிம்பு நசுங்கும், அடைத்தது பிதுங்கி உதிரும், மறுவருடம் இடுக்கு முன்னிலும் அகன்று நிற்கும்.

அப்படிப்பட்ட வீடு உங்கள் பொறுப்பில் இருந்தால், ஒரு முழு ஆண்டு அந்த இடுக்குகளைத் தொடாமல் கவனியுங்கள். மழையில் தானாக மூடுபவற்றை விட்டுவிடுங்கள். மூடாதவற்றுக்கு அதே வகை மரத்தில் மெல்லிய சீவல் இழைத்து, ஒரு பக்க விளிம்பில் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். தரையைப் பிழிந்த ஈரத்துணியால் துடைப்பது போதும், வாளியோடு தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். அடைப்பதற்கு முன்பு ஒரு பலகையைப் பெயர்க்க நேர்ந்தால், அடியில் கிடப்பதைக் குப்பையோடு அள்ளிக் கொட்டிவிடாமல் ஒருமுறை சலித்துப் பாருங்கள்.